தீக்குச்சி உரசத் தெரியாத பிள்ளை

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த கருப்பம்மாள், வாசலில் கிடந்த புதுச் செருப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். திங்கட்கிழமை காலையில்தான் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவளுடைய ஒரே மகள் வேல்விழி மதுரைப் பக்கத்து நர்சிங் பள்ளி விடுதிக்குப் போனாள். மூன்று வருஷப் படிப்பு. நாலாம் நாளே செருப்பு ஆனைக்குட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

உள்ளே மகள் சுவரில் சாய்ந்து, கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தான் அவள் அப்பன் இருளாண்டி.

“என்ன, நாலு நாள்ல படிச்சு முடிச்சுட்டாளா? ஊருக்குள்ள யாருக்காச்சும் ஊசி போடணுமான்னு கேட்டுட்டு வரட்டுமா?” என்றாள் கருப்பம்மாள்.

“ஏட்டி, கத்தாத. சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்னுதான் போனேன். என்னயப் பாத்ததும் புள்ள அழுதுட்டா.”

“அழுதா உடனே கூட்டிட்டு வந்துட்டீகளாக்கும்?”

“பின்ன அழ அழ அங்கனயே விட்டுட்டு வரச் சொல்றியா?”

“அழுத புள்ளையெல்லாம் அப்பன்மாரு கூட்டிட்டுப் போயிருந்தா நாட்டுல ஒரு ஆஸ்பத்திரியிலயாவது நர்சு இருப்பாளா? நல்ல கதையா இருக்கே!”

விடுதிக் காப்பாளர் சொல்லி அனுப்பிய சேதியை இருளாண்டி கடைசியில்தான் சொன்னான். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வேல்விழி வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பேரை அடித்துவிட்டு, காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கவலை இல்லை. தலைவலி விட்டவன் முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கருப்பம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருளாண்டியைக் கோழை என்று சொன்னால் சிவகாசி வட்டாரத்தில் யாரும் நம்பமாட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ஷெட்டில் அவனுக்கு இருபது வருஷ வேலை. ஒரு உரசல், ஒரு பொடிக்கல், ஒரு அவசரம் போதும், ஷெட்டோடு ஆளும் போய்விடும். மற்றவர்கள் எட்ட நின்று பார்க்கிற இடத்துக்கு அவன் வெறுங்காலோடு, பருத்தி வேட்டியோடு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு போவான். அங்கே அந்தப் பதனம் வேண்டியதுதான். யார் இல்லையென்றார்கள்? ஆனால் சாயங்காலம் வேட்டியை மாற்றுகிற மனுஷன் அந்தப் பதனத்தையும் கழற்றிப் போட வேண்டாமா? மருந்தை எப்படி உரசாமல், குலுக்காமல், வெயில் படாமல் வைத்திருந்தானோ அப்படியே மகளையும் வைத்திருந்தான்.

இதற்கெல்லாம் ஒரு காகிதம் வேறு ஆதாரம். 2001ஆம் வருஷம் சூலக்கரை கலெக்டர் ஆபீசில் ஒரு விழா நடந்தது. குழந்தைகளை வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கம்பெனித் தொழிலாளிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். எல்லாரும் கையை நீட்டிச் சொன்னார்கள், பொட்டலத்தில் கொடுத்த எலுமிச்சைச் சோற்றைத் தின்றார்கள், காகிதத்தை மடித்து வேட்டியில் சொருகிக்கொண்டு வந்தார்கள், அடுத்த சலவையில் அது கூழாகப் போனது. இருளாண்டி மட்டும் அதைக் கண்ணாடி போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். ‘என் குழந்தையை எந்த வேலையிலும் ஈடுபடுத்த மாட்டேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. எந்த வேலையிலும் என்றால் எந்த வேலையிலும்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு வேல்விழிக்குப் பதினோரு வயது. அன்றோடு அவள் தின்ற தட்டை அவள் கழுவுவது நின்றது. தண்ணீர்க் குடம் தொடக் கூடாது, விளக்குமாறு தொடக் கூடாது. பள்ளிக்கூடப் பையை அவன் தோளில் மாட்டிக்கொண்டு பத்தாம் வகுப்பு வரைக்கும் கூடவே நடந்தான். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளை வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தான். அதில் கோழி அடைந்தது. யாராவது கேட்டால் சுவரில் இருக்கிற காகிதத்தைக் காட்டுவான். “கையெழுத்துப் போட்டுருக்கேன்ல?” என்பான்.

“தட்டுக் கழுவுறதுக்கெல்லாம் கலெக்டர் ஜெயில்ல போட மாட்டாக. அது வேற வேலை, இது வேற வேலை” என்று கருப்பம்மாள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அவன் காதில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் அவளுக்கும் தெரியும். அவனை எட்டு வயதில், விடியுமுன்னே தூக்கக் கலக்கத்தோடு தூக்கிக் கம்பெனி பஸ்ஸில் போட்டிருக்கிறார்கள். நாளெல்லாம் தீக்குச்சி அடுக்கி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தவன். அவளும் ஏழு வயதில் தீப்பெட்டி ஒட்டியவள்தான். அவளுக்கு அந்தப் பசை நாற்றம் இன்னும் சோற்றில் அடிக்கும். அதற்காகப் பிள்ளையைப் பஞ்சில் சுற்றி வைப்பதா? பட்ட கஷ்டத்துக்கு வஞ்சம் தீர்க்க வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

மகள் எதற்கு அழுதாள் என்பது ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்ல மெல்ல வெளியே வந்தது. துணி துவைக்கத் தெரியவில்லை. காலையில் சடை பின்னிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், பின்னத் தெரியவில்லை. எதிர்க் கட்டில் பிள்ளை இரண்டு நாள் பின்னிவிட்டு மூன்றாம் நாள் முடியாது என்றுவிட்டாள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். புதன்கிழமை வகுப்பில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றச் சொல்லித் தீப்பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாலு குச்சி உடைந்தது. ஐந்தாவது குச்சி பற்றியதும் பயந்து கீழே போட்டுவிட்டாள்.

“டீச்சர் எந்த ஊருன்னு கேட்டாங்க. சிவகாசிப் பக்கம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்கம்மா.”

“சிரிக்காம? அப்பன் மருந்து கலக்குறான், ஆத்தா பட்டாசுப் பெட்டி அடுக்குறா. புள்ளைக்குத் தீக்குச்சி உரசத் தெரியல. நான் அங்கன இருந்தா நானும் சேந்துதான் சிரிச்சிருப்பேன்!”

மகள் மறுபடி அழுதாள். இருளாண்டி மனைவியை முறைத்துவிட்டுத் தயிர்ச்சோற்றை மகள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுடைய அக்கா பத்திரகாளி வந்து சேர்ந்தாள். அவள் மகன் கதிரவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், முறை மாப்பிள்ளை. பெண் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்ற சேதி எப்படித்தான் அதற்குள் விஸ்வநத்தம் வரைக்கும் போனதோ, கிலோ ஆப்பிளோடு வந்து நின்றாள்.

“தையில பதினெட்டு முடியுதுல்ல? பேசாம முடிச்சுருவோம் தம்பி. எதுக்குப் புள்ளையப் போட்டு வதைக்க? என் வீட்டுல ராணி மாதிரி வச்சுக்கிறேன்.”

“ராணியா? நல்லாருக்கே மதினி” என்றாள் கருப்பம்மாள். “அப்ப நீங்க சடை பின்னி விடுவீகளா? அவ சேலையத் தொவைச்சுப் போடுவீகளா?”

பத்திரகாளி ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “வீட்டு வேல அதுபாட்டுக்குத் தானா வந்துரும்த்தா. நாலு நாள் பழகுனா சரியாப் போகும்.”

“நாலு நாள்ல பழகுற வேலையத்தானே அங்கன பழகாம வந்துருக்கா? அங்கன பழகுனா சம்பளம் வரும். உங்க வீட்டுல பழகுனா என்ன வரும்?”

இருளாண்டி நடுவில் புகுந்தான். “அக்கா சொல்றதுல என்ன தப்பு? நம்ம கண்ணு முன்னால இருப்பா. கதிரவன் நல்ல பையன்.” அவன் முடிவே பண்ணிவிட்டான் என்பது கருப்பம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குக் கஷ்டமே வேண்டாம் என்று ஆறு வருஷமாகத் தட்டுக் கழுவ விடாத மனுஷன், பதினெட்டு வயதில் அவளை ஒரு வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் கழுவ அனுப்புவானாம். கேட்டால் பாசமாம். இந்தப் பாசத்தைக் கொண்டுபோய் எந்தக் கிணற்றில் போட?

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. சீசன் நேரம், தீபாவளி ஆர்டர் மலை மாதிரிக் கிடக்கிறது, ஃபோர்மேன் கத்துவார். கத்தட்டும். இரண்டே நாளில் மகளுக்கு எல்லாவற்றையும் பழக்கிவிடுவது என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். அழுக்குத் துணியைத் துவைகல்லில் கொண்டுபோய்ப் போட்டு, “தொவை” என்றாள்.

வேல்விழி சோப்பைத் தேய்த்தாள். கொஞ்ச நேரம்தான் கருப்பம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

“இதுவா தேய்க்கிற லட்சணம்? துணியத் தடவிக் கொடுக்கிறியா? அது என்ன பூனைக்குட்டியா? தள்ளு அங்கிட்டு!” துணியைப் பிடுங்கி அவளே நாலு அடி அடித்துப் பிழிந்து காட்டினாள். “இப்படி. பாத்தியா?” அடுத்த துணிக்கும் அதேதான். மூன்றாவது துணியைப் பிடுங்கப் போனபோது மகள் விடவில்லை. ஈரத் துணியை இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தார்கள்.

“விடும்மா!”

“நீ தொவைச்சுக் கிழிச்ச. விடிஞ்சுரும்.”

“அப்பா செய்ய வேண்டாம்னு சொல்லுவாரு. நீ செய்யத் தெரியலன்னு சொல்லிப் பிடுங்கிக்கிருவ. ரெண்டும் ஒண்ணுதான?” வேல்விழி நிறுத்தவில்லை. “அப்பா கம்பெனிக்குப் போனதுக்கப்புறம் நானா தட்டுக் கழுவுனா, எண்ணெப்பிசுக்குப் போகலன்னு நீதான் திரும்பக் கழுவுவ. சடையப் பின்ன உக்காந்தா, வேனுக்கு நேரமாச்சு, கோணக்கோணயாப் பின்னிட்டுப் போனா ஊரு சிரிக்கும்னு சீப்பப் பிடுங்குவ. என்னைக்காச்சும் ஒரு நாள், கோணலாவே இருக்கட்டும் போன்னு விட்டியா?”

கருப்பம்மாள் துணியை விட்டுவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஞானபூரணியின் தலை தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் நர்சு. இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

“சிஸ்டரு, கேட்டீகளா இவ பேசுறத? நான்தான் தப்பாம்!”

ஞானபூரணி துணி காயப்போடுவதை நிறுத்தாமலே, “அவ சொல்றதுல தப்பு ஒண்ணும் தெரியலையே கருப்பம்மா” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கருப்பம்மாள் துவைகல்லை விட்டு எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கோழி அடைந்த சைக்கிள் பக்கத்தில் நின்றது. ஆறு வருஷமாகப் புருஷனைத் திட்டித் திட்டியே தனக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் பாசத்தால் கையைக் கட்டினான். இவள் ஏச்சால் கட்டினாள். இவளுக்கு வேகம் முக்கியம், வேலை சுத்தம் முக்கியம், நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பிள்ளை கற்றுக்கொள்வது எப்போதும் நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது. ‘பெரிய இவ மாதிரி அவரைப் பேசுனியே, ஒன் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைப்ப?’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மற்றவர்களைத் திட்டுவதைவிட இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் இருளாண்டி வந்ததும் வேல்விழியே பேசினாள். “அப்பா, திங்கக்கிழமை நான் போறேன். தனியாப் போறேன். யாரும் கூட வரக் கூடாது.”

“தனியாவா? ஆனைக்குட்டத்துலருந்து விருதுநகர், அங்கன எறங்கி மதுர பஸ்சு. எந்த பஸ்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“கேட்டுக்கிறேன்.”

“கேட்டு அவன் தப்பாச் சொல்லிட்டா?”

“இன்னொருத்தர்ட்ட கேக்குறேன். பாதி வழியில திரும்பி வந்தேன்னா நீங்க சொல்ற மாதிரி அத்தை வீட்டுக்கே போறேன். ஒரு பேச்சுப் பேச மாட்டேன்.”

இருளாண்டி மனைவியைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குத்தல் வரும். கருப்பம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு அரிசி புடைத்தாள். அவன் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். அதிலும் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேல்விழி அடுப்படியில் உட்கார்ந்து ஒரு தீப்பெட்டியையே உரசித் தீர்த்தாள். வெளியே இருளாண்டி ஒவ்வொரு உரசலுக்கும் துள்ளித் துள்ளி விழுந்தான். ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டால் உயிர் போச்சு என்று ஓடிப் பழகிய காது. கருப்பம்மாள் அவன் வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில்தான் அவளுக்கு நிஜமான சோதனை. மகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சடை பின்னினாள். ஒரு பக்கம் தடித்தது, ஒரு பக்கம் இளைத்தது. அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். ஏழு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கருப்பம்மாள் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கையையாவது அப்படி அடக்கிவிட்டாள். வாயை அடக்கத்தான் முந்தானையைச் சுருட்டிக் கடிக்க வேண்டியிருந்தது. சடை நடு முதுகில் இறங்காமல் இடது தோள்பட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றது. வேல்விழி அதைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“சரியா இருக்காம்மா?”

“இருக்கு” என்றாள் கருப்பம்மாள். அவள் ஆயுசில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

இருளாண்டி அதற்கு முன்பே கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிப் போய்விட்டான். மகள் பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு, கருப்பம்மாள் வேன் பிடித்து வேலைக்குப் போனாள். அன்றைக்கு அவள் அடுக்கிய பெட்டிகளில் பாதியைத் திரும்பப் பிரித்து அடுக்க வேண்டி வந்தது. ஃபோர்மேன் கத்தினார். அவள் காதில் விழவே இல்லை. பன்னிரண்டு மணி ஆனபோது மட்டும் தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் ஞானபூரணி வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு மணி அடித்தது. விடுதியிலிருக்கிற, ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற பெட்டியிலிருந்து வேல்விழி பேசினாள். பேச்சு மூன்றே நிமிஷம். கருப்பம்மாள் போனை வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அரை மணி நேரம் கழித்து, அவனுடைய கம்பெனி வேன் வருகிற நேரத்துக்குச் சரியாக இருளாண்டி வந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“எங்கன போயிட்டு வாரீக?”

“ஏன், வேலைக்குத்தான்.”

“மருந்து ஷெட்டுல மொளகா எப்பருந்து கலக்குறாக?”

அவன் துண்டால் மூக்கைத் துடைத்தான்.

“விருதுநகர் பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல, மொளகா மண்டி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னீகளாம். மதுர பஸ்சு கெளம்புறதுக்குள்ள ஒம்பது தும்மலாம். எண்ணியிருக்கா. பஸ்சு போன பெறகும் பொழுதடையிற வரைக்கும் அங்கனயே நின்னீகளாக்கும். ஒளியிறவுக மொளகா மூட்டைக்குப் பின்னாலயா ஒளிவாக? அம்புட்டுப் பெரிய ஊர்ல பருப்பு மூட்டை ஒண்ணுகூடவா கெடைக்கல?”

“பாத்துட்டாளா என்னய?” அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பாத்தா.”

“பாத்துட்டுமா என்கிட்ட வரல?”

“வரல. டிரைவர்ட்ட ஒரு தடவ, கண்டக்டர்ட்ட ஒரு தடவ கேட்டுட்டு ஏறிட்டா. பதினொண்ணே காலுக்குக் கையெழுத்துப் போட்டாச்சாம்.”

இருளாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அது மிளகாய்க் கண்ணீர் இல்லை என்று தெரியாத அளவுக்குக் கருப்பம்மாள் முட்டாள் இல்லை. இந்த நிமிஷத்துக்கென்று பஸ் ஸ்டாண்டு, மூட்டை, தும்மல் என்று இன்னும் ஏழெட்டு ஏச்சுகளைச் சேர்த்துவைத்திருந்தாள். ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

“வராததுனாலதான் அவ பேரு இன்னும் அங்கன இருக்கு” என்றாள். “மத்தியானம் வகுப்புல வெளக்க அவதான் ஏத்துனாளாம். ஒத்தக் குச்சியில.”

அவன் துண்டுக்குள்ளிருந்தே கேட்டான். “சடை? யாரு பின்னி விட்டா?”

“அவளே பின்னுனதுதான். கோணலாத்தான் இருந்துச்சு. நாளெல்லாம் அதோடதான் இருந்துருக்கா. ஒருத்தருகூட அதப் பத்திக் கேக்கலையாம்.”

சொல்லிவிட்டு அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.